நிற்கும்போதா, நிறுத்தும்போதா?

கொழும்பிலே மோட்டார் கார் வைத்திருப்பவன் ஓடுவதற்காக அதனை வைத்திருக்கவில்லை, நிற்பதற்காகவே வைத்திருக்கிறான் என்று என் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. காலி வீதியில் காலை எட்டு மணிக்குக் காரைச் செலுத்திப் பார்த்தவர்களுக்கு அந்த வேடிக்கையில் உள்ள உண்மை புரியும். பத்து மீற்றர் நகர்வது, நிற்பது, மீண்டும் பத்து மீற்றர் நகர்வது என்பதாகவே எமது பயணங்கள் அமைந்துவிட்டன. அப்படிப்பட்ட நகரத்தில், ஓடும்போது எந்தக் குறையும் இல்லாமல் நிற்க வரும்போது மட்டும் நடுங்குகின்ற ஒரு காரை ஏறத்தாழ மூன்று மாதங்கள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டையும், அந்தப் பாட்டினிடையே ஓர் இளைஞனுக்கு நான் இழைத்த அநீதியையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எனது கார் 2006 ஆம் ஆண்டு ஜப்பானில் தயாரிக்கப்பட்டது. 1500 சிசி எஞ்சின், ஓட்டோ கியர். 2013 இல் மற்றொருவரிடமிருந்து வாங்கினேன். இவ்வளவு பழைய காரை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று வெளிநாடுகளில் வாழும் உறவினர்கள் கேட்பார்கள். இலங்கையில் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை நாங்கள் வாங்கிய விலையைவிடப் பன்மடங்கு ஏறியது. இறக்குமதி திறந்த பின்னரும் புதிய காரின் வரியைக் கேட்டால் பத்திரிகையாளனின் சம்பளம் வெட்கித் தலைகுனியும். ஆகவே எம்மைப் போன்றவர்கள் பழைய காரை வயது முதிர்ந்த பெற்றோரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2025 மே மாதத்தில் அந்த நடுக்கம் ஆரம்பித்தது. சமிக்ஞை விளக்கு சிவப்பானதும் காரை நிறுத்த வருவேன். முழுதாக நிற்பதற்குச் சற்று முன்னதாக எஞ்சினின் சுருதி இறங்கும். 700 இல் நிற்க வேண்டிய முள் 500க்கும் கீழே விழுந்து, மேலே எழுந்து, மறுபடி விழும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைகள் அதிரும். சில சமயம் எஞ்சின் நின்றேவிடும். விளக்குப் பச்சையாகிக் கார் நகரத் தொடங்கினால் எல்லாம் சரி. தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு நூறு கிலோமீற்றரில் ஓடினாலும் ஒரு முனகல்கூட இல்லை.

நின்றுபோகும் எஞ்சினைக் கண்டால் எனக்குச் சாதாரணமாக ஏற்பட வேண்டியதைவிட அதிகமான பதற்றம் ஏற்படும். அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 2008 இல் என்னிடம் காபரேற்றர் பூட்டிய பழைய கார் ஒன்று இருந்தது. ஓரிரவு பணி முடிந்து வீடு திரும்பும்போது, பம்பலப்பிட்டிக்கு அருகே இருந்த சோதனைச் சாவடியில் சிப்பாய் கைகாட்டி மறித்த அதே கணத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. எத்தனை முறை திறப்பைத் திருகியும் இயங்கவில்லை. அந்நாட்களில் கொழும்பில் கார் ஓட்டிய ஒரு தமிழனுக்குச் சோதனைச் சாவடியில் கார் நின்றுபோவது எஞ்சின் கோளாறாக மட்டும் பார்க்கப்படமாட்டாது. அடையாள அட்டை, பத்திரிகையாளர் அட்டை, பின்பெட்டி, இருக்கைகளின் அடிப்பகுதி எல்லாம் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் சென்றது. முடிவில் அந்தச் சிப்பாயே துப்பாக்கியை முதுகுப்பக்கம் மாட்டிக்கொண்டு காரைத் தள்ளி இயக்கிவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆயினும் நிற்க வரும்போது எஞ்சினின் சுருதி இறங்கினால் என் நெஞ்சின் சுருதியும் சேர்ந்தே இறங்குகிறது.

வழமையாக நான் செல்லும் கராஜ் ஓர் இளைஞனுடையது. முப்பது வயதுக்குள்தான் இருப்பான். மலையகத்திலிருந்து வந்து, தொழில் பழகி, கடன் எடுத்து ஒரு ஸ்கேனர் வாங்கி, ஒழுங்கையொன்றின் முனையில் தகரக் கூரையின் கீழ் சொந்தமாகத் தொழில் தொடங்கியவன். காரைக் கொண்டுபோய் விட்டு, "நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது" என்று சொன்னேன். அவன் தலையசைத்தான்.

முதல் முறை த்ரொட்டில் பொடியைக் கழற்றிச் சுத்தம் செய்தான். அது நியாயமான முதற்படிதான். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் காற்றை உள்ளே விடும் தகடு ஏறத்தாழ மூடிக்கொள்ளும். அப்போது எஞ்சின் உயிரோடிருப்பதற்கு அந்தத் தகட்டின் ஓரத்தில் உள்ள மெல்லிய இடைவெளியால் செல்லும் சிறிதளவு காற்றே ஆதாரம். அந்த ஓரத்தில் கரி படிந்தால் காற்று குறையும், எஞ்சின் தடுமாறும். சுத்தம் செய்தபின் இரண்டு நாள் நன்றாக இருந்ததுபோலத் தோன்றியது. மூன்றாம் நாள் நடுக்கம் திரும்பிவந்தது.

இரண்டாம் முறை நான்கு பிளக்குகளும் ஒரு கொயிலும் மாற்றப்பட்டன. பயனில்லை. அதன்பின் மீற்றர் பலகையில் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. ஸ்கேனரைப் பூட்டியபோது பி0171 என்ற குறியீடு வந்தது. காற்றுக்கு ஏற்ற அளவு பெற்றோல் கலவையில் இல்லை என்பது அதன் பொருள். பெற்றோல் முறையாக எரிவதற்கு ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அதற்கு மேல் போனால் புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர் அதனைக் கண்டு கணினிக்குச் சொல்லும். இளைஞன் அந்தச் சென்சரே பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து புதியது போட்டான். விளக்கு அணைந்தது. ஒன்றரை வாரத்தில் மீண்டும் எரிந்தது. நடுக்கமோ முன்னரைவிட மோசமாயிற்று. இதற்குள் எண்பத்தாறாயிரம் ரூபா செலவாகியிருந்தது.

இந்த இடத்திலேதான் நான் தவறினேன். கார் திருந்தவில்லை என்பது ஒரு செய்தி. அவன் திருத்தத் தெரியாதவன் என்பது ஒரு கருத்து. அவன் எனது காரின் நல்ல கொயிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு தரக்குறைவானதைப் போட்டுவிட்டான் என்பது ஊகம். நான் செய்தியிலிருந்து கருத்துக்கும், கருத்திலிருந்து ஊகத்துக்கும் ஒரு மாலைத் தேநீரின் நேரத்தில் தாவிவிட்டேன். அந்த ஊகத்தை எனக்குள் வைத்துக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை. அதே கராஜுக்குச் செல்லும் நண்பர்கள் இருவரிடம் "கவனமாயிருங்கள், பொடியன் சாமான் மாற்றுகிறான்" என்று சொன்னேன். முப்பது ஆண்டுகளாக ஆசிரியபீடத்தில் இருந்துகொண்டு, இரண்டாவது ஆதாரம் இல்லாமல் எதையும் அச்சுக்கு விடாதே என்று இளம் நிருபர்களுக்குப் பாடம் சொன்ன வாய் அது.

ஆகஸ்ட் மாதம் அம்மாவின் திவசத்துக்காக யாழ்ப்பாணம் போகவேண்டியிருந்தது. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். காரிலே போவதற்குத்தான் மனைவிக்கு விருப்பம், ஏனென்றால் வயதான மாமியையும் அழைத்துச் செல்லவேண்டும். போவதற்கு முன்னர் வேறொருவரிடம் காட்டிவிடுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். அவ்வாறுதான் தெஹிவளையில் ஒரு ஒழுங்கைக்குள் மகள் வீட்டோடு தங்கியிருக்கும் அந்த மூத்த மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தேன். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். கராஜ் இப்போது இல்லை. தெரிந்தவர்கள் காரைக் கொண்டுபோனால் வாசலில் நின்று பார்த்துச் சொல்வார். அவ்வளவுதான்.

அவரைப் பற்றி ஒரு பழைய செய்தியும் சொல்லவேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது யாழ்ப்பாணத்தவர்களுக்கு நினைவிருக்கும். நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். வாடகைக்கு ஓடிய ஓஸ்ரின் ஏ40 கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இயக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். சின்னப் போத்தலில் வைத்திருந்து காபரேற்றருக்குள் விட்டு, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகையால் வேகம் குறைந்தால் எஞ்சின் திணறும், பிளக்கில் கரி ஏறும், நின்றுவிட்டால் மறுபடி இயக்கப் பெற்றோல் துளி வேண்டும். அதனால் சாரதிகள் சந்தியில் நின்றாலும் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கமாட்டார்கள். ஊர் முழுவதும் நீலப்புகையும் மண்ணெண்ணெய் மணமுமாக இருந்த அந்தக் காலத்தில் கார்களை ஓடவைத்தவர்களில் இவரும் ஒருவர்.

வாசலில் கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"என்ன செய்யுது தம்பி?"

"நிக்கேக்கை நடுங்குது அண்ணை."

"நிக்கேக்கையோ, நிப்பாட்டேக்கையோ?"

எனக்கு விளங்கவில்லை. "இரண்டும் ஒண்டுதானே அண்ணை?" என்றேன்.

"ஒண்டில்லை தம்பி. நிக்கிறது கார். நிப்பாட்டுறது நீர்."

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் நான். தன்வினைக்கும் பிறவினைக்கும் வேறுபாடு எழுதிப் புள்ளி வாங்கியவன். நிற்றல் தன்வினை, நிறுத்துதல் பிறவினை. அந்த இலக்கணம் என் காரின் நோயைத் தீர்க்கும் என்று எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கார் தானாக நிற்கும் நிலையில் நடுக்கம் வருகிறதா, அல்லது நான் காலால் மிதித்து நிறுத்தும் செயலின்போது வருகிறதா என்பதே அவரது கேள்வி. மூன்று மாதங்களாக ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அவர் சொல்ல நான் செய்தேன். முதலில் காரை ஒழுங்கையோரத்தில் பி நிலையில் நிறுத்தி, பிறேக்கில் கால் வைக்காமல் எஞ்சினை இயங்கவிட்டேன். முள் 700 இல் அசையாமல் நின்றது. ஏசியைப் போடச் சொன்னார். எஞ்சினுக்குச் சுமை ஏறியும் முள் சற்று அசைந்து தன் இடத்துக்கே வந்தது. "இப்ப பிறேக்கை மிதியும்" என்றார். மிதித்தேன். கார் ஓடவில்லை, கியரில் இல்லை, எந்த மாற்றமும் இல்லை. பிறேக் மட்டுமே. உடனே அந்தப் பழைய நடுக்கம். காலை எடுத்தேன், நின்றது. மிதித்தேன், வந்தது.

அடுத்தது அதன் மறுதலை. ஆட்கள் இல்லாத அந்த ஒழுங்கையில் மிக மெதுவாக ஓட்டி, கால் பிறேக்கைத் தொடாமல் ஹாண்ட் பிறேக்கை மட்டும் இழுத்து நிறுத்தச் சொன்னார். கியர் டி இலேயே இருந்தது. சந்தியில் நிற்கும்போது எஞ்சின் மேல் என்னென்ன சுமை இருக்குமோ அத்தனையும் இருந்தது. கால் பிறேக் மட்டும் இல்லை. எஞ்சின் ஒரு துளியும் நடுங்கவில்லை. பிறேக் மட்டும் இருந்தபோது நோய் வந்தது. மற்ற எல்லாம் இருந்து பிறேக் மட்டும் இல்லாதபோது நோய் வரவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சியத்தை எனது வாழ்நாளில் எந்த நீதிமன்றச் செய்தியிலும் நான் எழுதியதில்லை.

பிறகு அவர் தாமே எழுந்துவந்து கதவருகே குனிந்து, "மிதிச்சுப் பிடியும், கதையாதையும்" என்றார். பிறேக் பெடலுக்குப் பின்னால், பலகைக்கு உள்ளே, சீ... என்று ஒரு மெல்லிய ஓசை விடாது கேட்டது. காற்று உறிஞ்சப்படும் ஓசை. மிதிக்கும் கணத்தில் சிறிது கேட்டு அடங்கினால் அது இயல்பு. விடாமல் கேட்டால் எங்கோ கிழிந்திருக்கிறது.

வாசகர்களில் காரின் உட்புறம் அறியாதவர்களுக்காக இதனைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பொனட்டைத் திறந்தால் சாரதியின் பக்கமாகப் பின்சுவரை ஒட்டிக் கறுப்பு நிறத்தில் ஒரு வட்டமான மத்தளம் போன்ற பொருள் தெரியும். அதற்குப் பிறேக் பூஸ்டர் என்று பெயர். உள்ளே ஒரு றப்பர்ச் சவ்வு அதனை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியிலிருந்து ஒரு தடித்த ஹோஸ் இந்த மத்தளத்துக்கு வந்து, உள்ளிருக்கும் காற்றை இழுத்து வெறுமையாக்கி வைத்திருக்கும். நாம் பெடலை மிதித்தவுடன் ஒரு வால்வு திறந்து, சாரதி பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்றை விடுகிறது. ஒருபுறம் காற்று, மறுபுறம் வெறுமை. அந்த வேறுபாடே சவ்வைத் தள்ளி, எமது காலின் பலத்தைப் பல மடங்காக்குகிறது. சவ்வு கிழிந்திருந்தால், உள்ளே விடப்பட்ட வெளிக்காற்று கிழிசல் வழியே வெறுமை அறைக்கும், அங்கிருந்து ஹோஸ் வழியே எஞ்சினுக்கும் போய்விடும். கணினி அளந்து அனுமதித்த காற்றுக்கு மேலாகக் கணக்கில் வராத காற்று புகும். வேகமாக ஓடும்போது எஞ்சின் குடிக்கும் பெருங்காற்றில் இந்தக் கசிவு ஒரு பொருட்டல்ல. அக்சிலேற்றரை விட்டு, மெல்லிய இடைவெளியால் மூச்சுவிடும் நேரத்திலே அது பெரிய விடயம். பெடலிலிருந்து காலை எடுத்தால் வால்வு மூடிவிடும், கசிவும் நின்றுவிடும். நடுக்கம் ஏன் நிறுத்தும்போது மட்டும் வந்தது என்பதற்கு இதுவே விடை.

ஒட்சிசன் சென்சர் சொன்னதும் இதைத்தான். காற்று அதிகம், காற்று அதிகம் என்று அது உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் உண்மை சொன்ன சாட்சியையே மாற்றிவிட்டு வேறொரு சாட்சியைக் கொண்டுவந்தோம். புதிய சாட்சியும் அதையே சொன்னபோதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. ஸ்கேனர் காட்டும் குறியீடு எங்கே நோகிறது என்பதைச் சொல்லும். ஏன் நோகிறது என்பதைச் சொல்லாது. எங்கள் தொழிலில் ஊடக அறிக்கைகளும் அப்படித்தான்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "பெடல் எப்பிடி, இறுக்கமோ?"

இறுக்கம்தான். இரண்டு மாதங்களாக நிறுத்துவதற்குக் கூடுதலாக அழுத்தவேண்டியிருந்தது. நான் அதை என் முழங்கால் நோவின் கணக்கில் எழுதிவைத்திருந்தேன். வயது ஐம்பத்தைந்து, சீனியும் இருக்கிறது, காலில் பலம் குறைந்துவிட்டது என்று எண்ணி, இரவில் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்தேன். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "உம்மடை முழங்காலிலை பிழையில்லை தம்பி, காரின்ரை முழங்காலிலைதான் பிழை" என்றார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "இதோடை வவுனியா தாண்டிப் போகாதையும். யானை குறுக்கை வந்தால் நிப்பாட்ட ஏலாது" என்றார். அதுவரை அது ஓர் எஞ்சின் கோளாறு என்றே நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். மனைவியையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு, பழுதான பிறேக்குடன், நள்ளிரவில் காட்டுவழியே நானூறு கிலோமீற்றர் ஓடியிருப்பேன்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையையும் அவர் காட்டினார். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்தால் அது கல்லாக இறுகும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினை இயக்கினால், நல்ல பூஸ்டராக இருந்தால் பெடல் சற்றுக் கீழே இறங்கவேண்டும். என் காரில் அது இறங்கவில்லை. இறங்காவிட்டால் பூஸ்டர், அதன் ஹோஸ், ஹோஸில் உள்ள ஒருவழி வால்வு ஆகிய மூன்றில் ஒன்று பழுது.

எல்லா நடுக்கமும் பூஸ்டரால் வருவதில்லை என்பதையும் அவர் சொல்லியே அனுப்பினார். டி இல் நிற்கும்போது உடம்பு அதிர்ந்து, என் இல் போட்டவுடன் அடங்கி, முள்ளும் அசையாமல் நின்றால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் றப்பரைப் பார்க்கவேண்டும். கால் பிறேக்கைத் தொடாதபோதும், வேகம் குறைந்து நிற்கும் தறுவாயில் யாரோ பிடித்து நிறுத்தியதுபோல எஞ்சின் அணைந்தால், ஓட்டோ கியரில் உள்ள கன்வேர்ட்டரின் பூட்டு விடுபடவில்லையா என்று பார்க்கவேண்டும். நிற்கும்போதும் மெதுவாக ஏறும்போதும் ஒரே சீராகத் தட்டினால் பிளக், கொயில். ஏசி போட்டால் மட்டும் விழுந்தால் த்ரொட்டிலின் கரி. "எப்ப எண்டு கேட்டால் என்ன எண்டு தானாத் தெரியும்" என்றார்.

இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "யாழ்ப்பாணத்திலை அப்ப மாத்திப் பாப்பம் எண்டு சொல்ல ஏலாது தம்பி. மாத்துறதுக்குச் சாமான் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்கவேணும்" என்றார். இல்லாமை அவருக்குக் கற்பித்த ஒழுக்கம் அது. இப்போது பஞ்சிகாவத்தைக்குப் போனால் எந்தச் சாமானும் கிடைக்கும், ஆகையால் கேட்பதற்குப் பொறுமை இல்லாமற் போய்விட்டது.

பூஸ்டரை யார் மாற்றுவது என்று கேட்டபோது அவர் சொன்னதுதான் எனக்குக் கடினமாயிருந்தது. "எனக்கு இப்ப குனிஞ்சு செய்ய ஏலாது. அந்தப் பொடியனிட்டையே கொண்டுபோம். அவனுக்குக் கைவேலை தெரியும். த்ரொட்டில் துடைச்ச விதத்தைப் பாத்தன், சுத்தமாச் செய்திருக்கிறான்."

இரண்டு நாள் தயங்கினேன். பின்னர், முன்னே போகும் வாகனத்துக்கு நிறைய இடைவெளி விட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். தகரக் கூரையின் கீழ் வேறு வாகனம் எதுவும் இருக்கவில்லை. விடயத்தைச் சொன்னதும் அவன் ஒன்றும் பேசாமல் ஸ்கேனரைப் பூட்டினான். கணினி பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைக் காட்டும் எண் திரையில் ஓடியது. பிறேக்கைத் தொடாதபோது மூன்று வீதம். மிதித்தவுடன் இருபத்தைந்து. விட்டவுடன் திரும்பவும் மூன்று. அவன் நாலைந்து தடவை என்னை மிதிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நிற்கும்போது என்றுதானே ஐயா சொன்னீர்கள்" என்றான் மெதுவாக. பின்பு தானே, "நானும் கேட்டிருக்கவேண்டும்" என்றான்.

மன்னிப்புக் கேட்பதற்கு நான் வாயெடுத்தபோது, அவன் உள்ளே போய் ஒரு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பொதியைக் கொண்டுவந்தான். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே எனது காரின் இலக்கம் எழுதியிருந்தது. உள்ளே என் காரின் பழைய பிளக்குகள் நான்கு, பழைய கொயில், பழைய ஒட்சிசன் சென்சர். "கழற்றிய சாமானை ஒருநாளும் எறியமாட்டேன் ஐயா. கேட்டால் கொடுக்கவேண்டும் என்று வைத்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை" என்றான். சற்று நேரம் கழித்து, "உங்களுடைய நண்பர்கள் இரண்டு பேர் இப்போது வருவதில்லை" என்றான். அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நான் சொன்னதை அவனிடம் மறைக்கவில்லை. என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்பதை அப்படியே ஒப்புக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு பூஸ்டரின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினான். வேலை ஒரு முழு நாள் எடுத்தது. சோதித்துப் பார்த்து வாங்கிய பூஸ்டரைப் பூட்டி, தள்ளுகோலின் இடைவெளியைச் சரிசெய்து, பிறேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றி, மாலையில் திறப்பைத் தந்தான். கூலியில் ஒரு ரூபாவும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. எஞ்சினுக்கு என்று நான் கொடுத்த எண்பத்தாறாயிரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அதில் இருவருக்கும் பங்கு இருந்தது.

திவசத்துக்குக் காரிலேயே போய்வந்தோம். மிகிந்தலையைத் தாண்டி ஓரிடத்தில் மாடொன்று திடீரென்று குறுக்கே ஓடியது. நிறுத்தினேன். கார் நின்றது. எஞ்சின் 700 இல் அமைதியாக இயங்கிக்கொண்டிருந்தது. மாமி பின்னாலிருந்து "முருகா" என்றார்.

கொழும்பு திரும்பியதும் அந்த நண்பர்கள் இருவரையும் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் மறுவாரமே தமது காரை அந்த இளைஞனிடம் கொண்டுபோனார். மற்றவர், "இருக்கலாம், ஆனாலும் எதற்கு வீண்வம்பு" என்று சொல்லிவிட்டார். அவர் இன்னும் போகவில்லை. அவர் அதற்கிடையில் எத்தனை பேரிடம் அதைச் சொன்னாரோ, அவர்கள் எத்தனை பேரிடம் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. பத்திரிகையில் பிழை விட்டால் மறுநாள் திருத்தம் போட ஓர் இடம் உண்டு. முதற்பக்கத்தில் விட்ட பிழைக்குப் பத்தாம் பக்கத்து மூலையிலாவது போடுவோம். வாயால் விட்ட பிழைக்கு அந்த மூலையும் இல்லை.

ஆகவே இதனை இங்கே எழுதுகிறேன். அந்தப் பொடியன் சாமான் மாற்றவில்லை.